தீப்புண்ணும் மருந்துக்கு மசியாத கிருமியும்

(குடும்ப நலக் கூட்டத்தில் தம்பதியருக்காக ஆற்றிய உரை)

 

குடும்ப நலக் கூட்டம் என்றதும், குழந்தை எத்தனை, இடைவெளி எவ்வளவு, தடுப்பூசி எப்போது என்பதைத்தான் பேசப் போகிறார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவை எல்லாம் முக்கியம்தான். ஆனால் இன்றைக்கு அடுப்படிப் பக்கம் கொஞ்சம் போவோம். அடுப்பு எரியாத வீடு இல்லை. அடுப்பு எரிகிற வீட்டிலே ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யாருக்காவது சூடு பட்டுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நம் நாட்டிலே ஆண்டுதோறும் 10 லட்சம் பேருக்கு மேல் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் உயிர் இழக்கிறார்கள்.

இப்படி இறப்பவர்கள் எல்லாம் தீயின் சூட்டினாலேயே இறக்கிறார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. முதல் இரண்டு மூன்று நாள் கண்டத்தைத் தாண்டி, கண் விழித்துப் பேசி, கஞ்சி குடித்து, "பிழைத்துக்கொண்டாள், மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள்" என்று வீட்டார் பெருமூச்சு விட்ட பிறகு, பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ காய்ச்சல் கண்டு இறந்துபோகிறவர்கள் உண்டு. அவர்களைக் கொல்வது தீ அல்ல. தீ திறந்துவிட்ட வாசல் வழியாக உள்ளே நுழைந்த கிருமி. முதல் கண்டத்தைத் தாண்டிய தீக்காய நோயாளிகளின் சாவுக்குப் பெரிய காரணம் இந்தக் கிருமித் தொற்றுதான்.

கிருமிக்கு மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த மருந்து வர வர வேலை செய்ய மறுக்கிறது. ஏன் மறுக்கிறது, அதிலே உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் என்ன பங்கு என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

தோல் என்னும் வேலி

வயலுக்கு வேலி எதற்கு? ஆடு மாடு உள்ளே வராமல் இருப்பதற்கு. நம் உடம்புக்கு வேலி தோல். நம்மைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. காற்றிலும், மண்ணிலும், தண்ணீரிலும், கதவுப் பிடியிலும் இருக்கின்றன. நம் தோலின் மேலும், மூக்கிலும், குடலிலும்கூடக் குடியிருக்கின்றன. வேலி சரியாக இருக்கும் வரை அவற்றில் பெரும்பாலானவை நமக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. குடலிலே இருப்பவை சில நமக்கு உதவிகூடச் செய்கின்றன.

தீப்பட்ட இடத்திலே இந்த வேலி வெந்து போகிறது. வெந்த தோல் செத்த தோல். அது ஈரமாக இருக்கும், கதகதப்பாக இருக்கும், புரதச் சத்து நிறைந்திருக்கும். கிருமிக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேண்டுமா? சில பாக்டீரியாக்கள் வசதியான இடம் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். காலை எட்டு மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் தடையில்லாமல் பெருகினால் மாலை ஆறு மணிக்கு நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும்.

முதலில் வருகிறவை பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள். சில நாள் கழித்து நம் குடலிலிருந்தும், சுற்றுப்புறத்திலிருந்தும், ஆஸ்பத்திரியிலிருந்தும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினிடோபாக்டர் என்கிற முரட்டுக் கிருமிகள் வந்து சேர்கின்றன. சூடோமோனாஸ் ஈரத்தை விரும்பும். அது பற்றிய புண்ணிலே கட்டு பச்சை நிறமாக மாறும், ஒரு மாதிரி வாடை வீசும். அசினிடோபாக்டர் காய்ந்த கட்டில் கம்பியிலும் மேசையிலும்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெயரை நீங்கள் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கிருமி பாதி நம் உடம்பிலிருந்தே வருகிறது, மீதி பிறர் கையாலும் பொருளாலும் வருகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மருந்து ஏன் எட்டவில்லை?

நாம் விழுங்கும் மாத்திரையும், போட்டுக்கொள்ளும் ஊசியும் ரத்தத்தோடு கலந்து, ரத்தம் ஓடுகிற வழியிலே போய்த்தான் கிருமியைத் தாக்க வேண்டும். ஆழமாக வெந்த தோலிலே ரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. வாய்க்கால் தூர்ந்துபோனால் மடையைத் திறந்தும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது அல்லவா? அதுபோலத்தான். மருந்து ரத்தத்தில் இருக்கும், கிருமி செத்த தோலில் இருக்கும், இரண்டுக்கும் சந்திப்பே நடக்காது.

அதனால்தான் டாக்டர்கள் தீப்புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்கிறார்கள், செத்த தோலை வெட்டி எடுக்கிறார்கள், புண்ணின் மேலேயே களிம்பு பூசுகிறார்கள், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டி வேலியை மறுபடி கட்டுகிறார்கள். தீப்புண்ணுக்கு முதல் மருந்து சுத்தம். ஆன்டிபயாடிக் என்று சொல்லுகிற கிருமிக்கொல்லி மருந்துகள், கிருமி உடம்புக்குள் பரவுகிறபோது உயிரைக் காக்க வேண்டிய படை.

இங்கே ஒரு விஷயம். "சேர்த்து மூணு நாளாச்சு, இன்னும் நல்ல ஊசியே போடலையே" என்று நம்மவர்கள் வார்டிலே சத்தம் போடுவதுண்டு. தொற்று இல்லாதபோது எல்லாத் தீக்காயத்துக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பது நல்லதல்ல என்பதுதான் இன்றைய மருத்துவ முடிவு. காரணம் இல்லாமல் கொடுத்தால் சாதுவான கிருமிகள் செத்து, முரட்டுக் கிருமிகளுக்கு இடம் காலியாகிறது. டாக்டர் ஊசி போடாமல் இருக்கிறார் என்றால் நம்மைக் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வேண்டிய நாளுக்காக மருந்தைக் காப்பாற்றி வைக்கிறார் என்று அர்த்தம்.

பருத்திக்காட்டுப் பாடம்

மருந்துக்குக் கிருமி எப்படிப் பழகுகிறது? பருத்தி போட்டவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ப்புழுவுக்கு முதல் வருஷம் மருந்தடித்தால் புழு கொத்துக் கொத்தாக விழுந்தது. அதே மருந்தை மேலும் மேலும் அடிக்க அடிக்க, சில வருஷத்தில் புழு மருந்திலே குளித்துவிட்டு நடந்து போனது. என்ன நடந்தது? ஆயிரம் புழுவிலே ஒன்றிரண்டு, பிறவியிலேயே மருந்தைத் தாங்குகிறவை. மற்றவை செத்தபோது அவை மட்டும் தப்பின. அவற்றின் பிள்ளைகளும் தாங்குகிறவையே. கடைசியில் காடு முழுவதும் அந்த வம்சமே நிறைந்தது.

கிருமியிலும் இதே கதைதான். சில கிருமிகள் மருந்தையே உடைத்துப் போடும் பொருளைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளுகின்றன. சில, மருந்து பிடிக்க வேண்டிய இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. புழுவிடம் இல்லாத ஒரு சாமர்த்தியமும் கிருமிக்கு உண்டு. தான் கற்ற வித்தையைப் பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் அது கொடுத்துவிடும்.

இது நேற்று வந்த சங்கதி அல்ல. பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-ல் கண்டுபிடித்தார். 1942 நவம்பர் 28-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலே ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அப்போது பெனிசிலின் கடையிலே கிடைக்காது, ராணுவத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த அரிய மருந்தைத் தீக்காயக்காரர்களுக்காக வெளியூரிலிருந்து போலீஸ் காவலோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படிப் பொன்போலக் காத்த மருந்து, பத்து ஆண்டு முடிவதற்குள் ஆஸ்பத்திரிகளில் இருந்த பல ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளிடம் தோற்றது. அவற்றுக்கென்றே மெத்திசிலின் என்று புதிய மருந்து செய்தார்கள். அது புழக்கத்துக்கு வந்து இரண்டு ஆண்டுக்குள், 1961-ல், அதையும் தாங்குகிற கிருமியை இங்கிலாந்திலே கண்டார்கள். இப்படியே ஒவ்வொரு மருந்தாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டிலே உலகம் முழுவதும் ஏறத்தாழ 12,70,000 பேர், மருந்துக்கு மசியாத பாக்டீரியாக் கிருமிகளாலேயே நேரடியாக இறந்ததாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள்.

ஒரு கணவன், ஒரு மனைவி

பெனிசிலின் கண்ட அந்த ஃபிளெமிங்குக்கு 1945-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கியவர் தன் மருந்தைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போகவில்லை. எச்சரிக்கை செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு கணவனும் மனைவியும்தான்.

அந்தக் கணவனுக்குத் தொண்டை வலி. தானாகவே பெனிசிலின் வாங்கிச் சாப்பிடுகிறான். கிருமியைக் கொல்லப் போதாத அளவு, ஆனால் கிருமிக்கு மருந்தைத் தாங்கக் கற்றுக்கொடுக்கப் போதுமான அளவு. பிறகு அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காண்கிறது. டாக்டர் முறைப்படி பெனிசிலின் கொடுக்கிறார். மருந்து பலிக்கவில்லை. மனைவி இறந்துபோகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவனின் அலட்சியமே என்று அவரே பதிலும் சொன்னார்.

எண்பது ஆண்டு ஆகிறது. நம் ஊரிலே இன்னும் அதே கதைதான் நடக்கிறது.

"ஏங்க, பையனுக்கு மூக்கு ஒழுகுது. கடையிலே சொல்லி நாலு மாத்திரை வாங்கிட்டு வாங்க."

"போன தடவை எனக்குக் கொடுத்ததிலே ரெண்டு மிச்சம் இருக்கு பாரு, அதையே பாதியா உடைச்சுக் கொடு."

இந்தப் பேச்சு எந்த வீட்டிலே இல்லை? சளி, சாதாரணத் தொண்டைக் கரகரப்பு, ஃப்ளூ காய்ச்சல் ஆகியவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அப்படியானால் அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது? குடலிலே குடியிருக்கும் சாதுக் கிருமிகளைக் கொல்கிறது. மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு தப்பிப் பெருகுகின்றன. ஒரே வீட்டிலே ஒரே பாத்திரம், ஒரே கழிப்பறை, ஒரே கை. கணவன் குடலில் வளர்ந்தது மனைவிக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. உடம்புக்குள் அது சும்மா இருக்கும். யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள் கொதிக்கும் சாம்பார் கவிழ்கிறது, அல்லது சேலைத் தலைப்பிலே தீப்பிடிக்கிறது. வேலி வெந்துபோகிறது. காத்திருந்த கிருமி தன் சொந்த உடம்பிலிருந்தே புண்ணுக்கு வந்து சேருகிறது. டாக்டர் மருந்தைப் போடுகிறார். கிருமி அந்த மருந்தைப் போன வருஷம் சளியின்போதே பார்த்துப் பழகிவிட்டது!

நான் இன்று உங்களிடம் சொல்ல வந்த ஒரே பேச்சு இதுதான். இன்றைக்குச் சளிக்காக வீணடிக்கும் மாத்திரை, நாளைக்கு நம் வீட்டுத் தீக்காயத்துக்கு இல்லாமல் போகும் மாத்திரை.

சூடு பட்டவுடன் என்ன செய்ய வேண்டும்?

கிருமியைத் தடுக்கும் வேலை ஆஸ்பத்திரியில் தொடங்குவதில்லை. சூடு பட்ட அந்த நிமிஷத்தில் வீட்டிலேயே தொடங்குகிறது.

சேலையிலே தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ பெருகும். தரையில் படுத்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையையோ ஜமுக்காளத்தையோ போட்டு அணையுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள்.

தீ அணைந்ததும், சூடு பட்ட இடத்தின்மேல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் விட்டுக்கொண்டே இருங்கள். குழாயடியில் காட்டலாம், குடத்திலிருந்து சொம்பால் மொண்டு ஊற்றலாம். உடனே செய்வது உத்தமம். முடியாமல் போனால் மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. சூடு ஆழமாக இறங்குவது குறைந்தால் செத்த தோல் குறையும். செத்த தோல் குறைந்தால் கிருமிக்கு விளைநிலம் குறையும். ஐஸ் வைக்காதீர்கள். காயம் பெரிதாக இருந்தாலும், சிறு குழந்தையாக இருந்தாலும், உடம்பின் மற்ற பகுதி குளிர்ந்துவிடாமல் போர்த்திவிடுங்கள்.

வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் இவற்றை வீக்கம் காணும் முன்னரே கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். துவைத்து உலர்த்திய சுத்தமான வெள்ளைத் துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வண்டிக்கு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி, போடக்கூடாதவை. இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் தூள், காப்பித்தூள், முட்டை வெள்ளைக்கரு, சாணம், சாம்பல், வாழைச்சாறு, எண்ணெய் எதுவும் வேண்டாம். "எங்க பாட்டி காலத்திலிருந்து போட்டுத்தானே ஆத்தினோம்?" என்று கேட்பீர்கள். மேல்தோல் மட்டும் வெந்த சிறு காயம் எதைப் போட்டாலும் போடாவிட்டாலும் தானே ஆறும். பேர் மாவுக்குப் போய்விடுகிறது. ஆழமான காயத்திலே அதே மாவு கிருமிக்குத் தீனி. சாணத்திலே வாய்ப்பூட்டு நோயாகிய டெட்டனஸ் கிருமியின் விதைகள் இருக்கும். மை பூசினால் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டரால் பார்க்கவே முடியாது. பூசியதைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் வேதனை தனி.

இன்னொன்றையும் சொல்கிறேன். கேப்சூல் மாத்திரையைப் பிரித்து உள்ளே இருக்கும் தூளைப் புண்ணின்மேல் தூவும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது குடலுக்குள் போக வேண்டிய மருந்து. புண்ணிலே தூவினால் அளவு தெரியாது, ஆழமும் எட்டாது. தப்பிக்கும் கிருமி மட்டும் பாடம் கற்றுக்கொள்ளும்.

யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்?

காயம்பட்டவரின் சொந்தக் கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பிலே ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அந்தக் கையளவுக்கு மேல் வெந்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். அளவு சிறியதானாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் பட்டிருந்தால், மின்சாரத்தாலோ அமிலத்தாலோ ஏற்பட்டிருந்தால், தோல் வெள்ளையாகவோ கருகியோ வலி தெரியாமல் இருந்தால், குழந்தை, முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி ஆகியோருக்குப் பட்டிருந்தால், தாமதிக்காதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் அங்கே கேளுங்கள்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. அடுப்படியிலே நிற்பவள் பெண். தளர்ந்து தொங்கும் சேலையோடு தீப்பக்கம் நிற்பவளும் அவள்தான். ஆனால் அவளுக்குச் சூடு பட்டால், "நீ போயிட்டா சமையலை யார் பார்க்கிறது, ரெண்டு நாள் பார்ப்போம்" என்று சொல்லுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஊர் ஏதாவது பேசுமோ என்று கதவைச் சாத்தி மறைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளைத்தான் கிருமி கேட்கிறது. ஒரு வாரம் உலையை நீங்கள் வையுங்கள். அதனாலே யாருக்கும் மதிப்புக் குறைந்துவிடாது.

வார்டிலும் வீட்டிலும்

தீக்காய வார்டுக்கு உறவினர்கள் கூட்டமாகப் போவது பாசத்தைக் காட்டுவதாக நினைக்கிறோம். ஒவ்வொருவர் கையிலும் கிருமி போகிறது. உடன் இருக்க ஒருவர் போதும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள், கட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு பக்கத்துக் கட்டிலுக்குப் போகாதீர்கள். உங்களைக் கையைக் கழுவச் சொன்னார் என்று நர்சம்மாவிடம் கோபிக்காதீர்கள். டாக்டரே ஆனாலும், "ஐயா, கை கழுவிட்டீங்களா?" என்று மரியாதையோடு கேட்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

காய்ச்சல் வந்தால் டாக்டர் புண்ணிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார். ஆய்வுக்கூடத்திலே அந்தக் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். முடிவு வந்தபின் மருந்தை மாற்றினால், "முதலில் தப்பான மருந்து போட்டுவிட்டார்கள்" என்று எண்ணாதீர்கள். கிருமியின் முகம் தெரிந்த பிறகு அதற்கேற்ற ஆயுதத்தை எடுக்கிறார்கள். இதற்கு முன் வீட்டிலே என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டை இருந்தால் கொண்டு போங்கள்.

வேறு எதற்கும் மசியாத கிருமிக்குக் கடைசியாகக் கொலிஸ்டின் என்ற பழைய மருந்தை எடுக்க வேண்டியிருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அந்தக் கடைசி ஆயுதத்தையும்கூடக் கோழி கொழுக்கத் தீவனத்திலே கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைத் தடை செய்தது. கோழி, மாடு வளர்க்கிறவர்கள் கால்நடை டாக்டர் சொல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கையும் தீவனத்திலே போடாதீர்கள்.

உணவு விஷயத்துக்கு வருவோம். "முட்டை கொடுத்தா சீழ் பிடிக்கும், மீன் கொடுத்தா புண் ஆறாது, பருப்பு ஆகாது" என்று பத்தியம் போட்டு வெறும் கஞ்சியிலே வைத்துவிடுகிறார்கள். சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அல்ல. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு, புதுத் தோல் வளர்க்கவும் கிருமியோடு போராடவும் வழக்கத்தைவிட மிக அதிகமான சத்தைச் செலவழிக்கிறது. முட்டை, பால், மீன், பருப்பு, சுண்டல், நிலக்கடலை, கீரை, பழம் இவற்றைச் சிறுகச் சிறுகப் பல தடவை கொடுக்க வேண்டும். வேறு நோய்க்காக டாக்டர் எதையாவது விலக்கச் சொன்னால் மட்டும் விலக்குங்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பின் கட்டு மாற்றுவது யார்? ஆரம்ப சுகாதார நிலையத்திலே மாற்றிக்கொள்ளலாம். வீட்டிலே மாற்றச் சொல்லியிருந்தால் நகம் வெட்டி, கை கழுவி, சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்யுங்கள். துணியைக் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஈ மொய்க்க விடாதீர்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், வலி கூடுதல், பச்சை நிறம், துர்நாற்றம், ஆறிவந்த புண் மறுபடி ஆழமாதல், குளிர் காய்ச்சல், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு குழந்தைக்குக் காயம் சிறியதாக இருந்தும் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, பேதி, பால் குடிக்க மறுத்தல் கண்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

மாத்திரை வாங்கும் முன்

2016 முதல் மத்திய அரசு ஓர் அடையாளத்தை விளம்பரப்படுத்தி வருகிறது. ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையின் பின்பக்கம் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். படிக்கத் தெரியாதவர்களும் கண்டுகொள்ளலாம். சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. வலிமை வாய்ந்த சில மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் இன்னும் கடுமையான விதி உண்டு. கடைக்காரர் வாங்குகிறவர் பெயரையும் எழுதிக்கொடுத்த டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கிற கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். அவர்தான் நல்ல கடைக்காரர்.

சுருக்கமாகச் சொல்கிறேன், வீட்டிலே போய்ப் பேசிக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வேளை, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். காய்ச்சல் விட்டதே என்று நீங்களாக நிறுத்த வேண்டாம், நீங்களாக நீட்டவும் வேண்டாம். மிச்சத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் வேண்டாம். கணவன் மருந்தை மனைவிக்கும், பெரியவர் மருந்தைப் பிள்ளைக்கும் பங்கு போட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர், தாய்ப்பால் கொடுப்பவர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்கிளின் போன்ற மருந்து வயிற்றிலுள்ள குழந்தையின் பல்லிலேகூடக் கறை உண்டாக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தீ படாமலே பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பை மேடையில் வையுங்கள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைலான் துணியோடு அடுப்படிக்குப் போகாதீர்கள். எரிகிற ஸ்டவ்விலே மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இரவிலே கேஸை மூடிவிட்டுப் படுங்கள். குழந்தை தவழும் இடத்திலே வடித்த கஞ்சியையும் குழம்புச் சட்டியையும் இறக்கி வைக்காதீர்கள். குளிக்க விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

தாய்மார்களே, பெரியோர்களே! தன் வயலுக்கு மட்டும் என்று ஒருவன் அடித்த மருந்தால் ஊர்ப் பருத்திக்காடு முழுவதும் புழு பழகிவிட்டதைப் பார்த்தோம். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ஒரு வீடு வீணாக இறைத்தால் எல்லா வீட்டுக்கும் வற்றும். இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து அந்த மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட பழைய அட்டை எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த முறை கிராம சுகாதார செவிலியர் வரும்போது அவரிடம் காட்டி, என்ன செய்வது என்று கேளுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் தயங்காமல் என்னிடம் கேளுங்கள்.